பேச்சியம்மாள் பிடித்த டம்மி

சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் ஊரில் ரொம்பப் பேர் கிடையாது. போலீஸ்காரர்களை ஒதுக்கிவிட்டால், ஓசூரில் அந்த வகையில் பெரிய கை பேச்சியம்மாள்தான். சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் கடைசிச் சோதனை மேசை அவளுடையது. வெளியே போகிற ஒவ்வொரு பாகமும் அவள் விரல் பட்டுத்தான் பெட்டிக்குள் போகும். விளக்கடியில் திருப்பிப் பார்ப்பாள், நகத்தால் நிமிண்டுவாள், மனசு ஒப்பவில்லை என்றால் சிவப்புத் தட்டில் எறிந்துவிடுவாள்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. காலை ஷிப்ட் தொடங்கியதும் சூப்பர்வைசர் வேண்டுமென்றே ஒரு கெட்ட பாகத்தை நல்லவற்றோடு கலந்து லைனில் விடுவார். அதற்கு டம்மி என்று பெயர். சோதனை மேசையில் இருப்பவள் விழித்திருக்கிறாளா, சீரியல் கதையை நினைத்துக்கொண்டு இருக்கிறாளா என்று பார்ப்பதற்கான ஏற்பாடு. மற்றப் பெண்கள் எப்போதாவது கோட்டை விடுவார்கள். பேச்சியம்மாள் விட்டதே இல்லை. டம்மியை எடுத்து சூப்பர்வைசரின் மேசையில் டொக்கென்று வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பி வருவாள். அந்த நடையைப் பார்ப்பதற்கே லைனில் நாலு பேர் தலையைத் தூக்குவார்கள்.

இப்பேர்ப்பட்டவளிடம் போய், ஆஸ்பத்திரியில் ஒரு பையன் டம்மி என்ற சொல்லைச் சொன்னான். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

பேச்சியம்மாளின் புருஷன் சுடலைமுத்துவுக்கு நுரையீரலில் புற்று. கோவில்பட்டிப் பக்கமிருந்து கல்யாணமான புதிதில் ஓசூருக்கு வந்து, வார்ப்படக் கம்பெனியில் காலமெல்லாம் உழைத்த மனுஷன். பீடி தொட்டது கிடையாது. இருமல் நிற்கவில்லையே என்று காட்டப் போனபோது நோய் முற்றிப் போயிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். சில மாதத்தில் கட்டி சுருங்கியது. பேச்சியம்மாள் சந்திரசூடேஸ்வரர் மலைக்கோவிலுக்கு வெறுங்காலோடு ஏறிவிட்டு வந்தாள்.

ஆனால் டாக்டர் சுஜாதா அதற்கு மேல் ஆசை காட்டவில்லை. கட்டி சுருங்கியிருக்கிறது, போகவில்லை, போகவும் போகாது என்றார். இனி அது தலையெடுக்காமல் அடக்கி வைப்பதற்குத்தான் மருந்து. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி வழியாக ஏற்றுகிற மருந்து ஒன்று. அதோடு தினமும் ஒரு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் கொஞ்ச காலம் அடங்கிக் கிடக்குமா என்று சோதித்துப் பார்க்கிறார்கள், சேர விருப்பமா என்று கேட்டார். விவரத்தைச் சொல்ல ஹரீஷ்குமார் என்கிற பையன் வந்தான். சோதனையில் சேருகிறவர்களைக் கவனித்துக்கொள்வது அவன் வேலை. கன்னடக்காரன், தமிழை மென்று மென்று பேசுவான்.

“ஊசி மருந்து எல்லாருக்கும் நிஜம்தாம்மா. மாத்திரை மட்டும் பாதி பேருக்கு நிஜம், பாதி பேருக்கு டம்மி. மாவு மாதிரி, உள்ள ஒண்ணும் இருக்காது. பாக்க ரெண்டும் ஒண்ணுதான்.”

“எங்க வீட்டுக்காரருக்கு எது?”

“தெரியாதும்மா.”

“ஒமக்குத் தெரியாட்டாப் போகுது. டாக்டரம்மாவுக்கு?”

“அவங்களுக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். ஆபத்து வந்தா மட்டும்தான் திறந்து பாக்கலாம். தெரிஞ்சா நாங்களே ஒருத்தரை ஒரு மாதிரி, இன்னொருத்தரை வேற மாதிரி பாத்துடுவோம், அதுக்குத்தான்.”

பேச்சியம்மாள் அவனை டம்மிப் பாகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். யாருக்குமே தெரியாதாம். கலந்து விட்டவனுக்குத் தெரியாமல் ஒரு டம்மி லைனில் வருமா? இருபது வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்தவளிடம் போய்ச் சொல்கிற கதையா இது? தெரியும். எல்லாருக்கும் தெரியும். நமக்குத்தான் சொல்ல மாட்டார்கள்.

சுடலைமுத்து கையெழுத்துப் போட்டார். “நல்லதுக்குத்தானட்டி சொல்லுதாவ. நமக்கு இல்லாட்டாலும் பொறத்தால வாறவனுக்கு ஆகும்லா” என்றார். அவர் அப்படித்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவனிடம் பையைக் கொடுத்துவிட்டு டீ குடிக்க இறங்குகிற ஜாதி. இந்த இரண்டு பேரையும் எந்தப் புண்ணியவான் ஜாதகம் பார்த்துச் சேர்த்து வைத்தானோ தெரியாது.

தினமும் காலையில் இட்லி சாப்பிட்டுச் சற்று நேரம் கழித்து, கட்டிலில் உட்கார்ந்தபடி உள்ளங்கையை நீட்டுவார். டி.வி.யில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும். பேச்சியம்மாள் ஒரு மஞ்சள் சத்து மாத்திரையையும், பாட்டிலிலிருந்து அந்தச் சோதனை மாத்திரையையும் வைப்பாள். அவர் குனிந்து பார்த்ததே கிடையாது. அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார்.

“என்ன கருமம்னு ஒரு நாளாவது பாத்து முழுங்கக் கூடாதா?” என்று அவள் கடிவாள்.

“நீ செக் பண்ணித்தான தருத. கம்பெனிக்காரனே ஒன் கையை நம்பி அனுப்புதான், நான் எதுக்குப் பாக்கணும்?”

அதைக் கேட்க அவளுக்குப் பெருமையாகத்தான் இருக்கும். அந்தப் பெருமையோடுதான் அவள் பாட்டிலை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். மாத்திரையை முகர்ந்து பார்த்தாள். ஒருநாள் நாக்கு நுனியில் வைத்தும் பார்த்தாள். இனிப்புமில்லை, கசப்புமில்லை. கசக்காத மருந்து என்ன மருந்து? அவருக்கு வாந்தியில்லை, பேதியில்லை, உடம்பில் ஒரு தடிப்பில்லை. மனுஷன் இரண்டு இட்லி கூடுதலாகக் கேட்கிறார், இருமலும் குறைந்திருக்கிறது. அதெல்லாம் ஊசியின் வேலை என்று முடிவு கட்டினாள். மாத்திரை நிஜமாக இருந்தால் கொஞ்சமாவது உடம்பைக் கடிக்க வேண்டாமா?

கடித்த உடம்பு ஒன்றை ஆஸ்பத்திரியில் பார்த்தாள். கெலமங்கலத்துக்காரர் ராமப்பன். தோட்டத்தில் தக்காளியும் ரோஜாவும் போடுகிற விவசாயி. அவருக்கும் அதே நோய், அதே சோதனை, அதே நாளில் ஊசி. அவர் முகமெல்லாம் சிவந்து பொரிப்பொரியாக வெடித்திருந்தது. கழுத்து, மார்பு, எங்கும் அரிப்பு. டாக்டர் சுஜாதா அவர் பக்கத்தில் நின்று கன்னடத்தில் நீளமாகப் பேசினார். நடுவில் சிரிப்பு வேறு. சுடலைமுத்துவிடம் வந்தபோது, “எப்படி இருக்கீங்க? நல்லா இருக்கீங்களா? சரி” என்று முடித்துக்கொண்டார். பேச்சியம்மாள் இதையெல்லாம் விட்டுவிடுகிறவளா? டம்மி எங்கே, நிஜம் எங்கே என்று அவள் மனசில் முத்திரை விழுந்துவிட்டது. அவர்கள் மொழிக்காரருக்கு நிஜம். தெற்கே இருந்து பிழைக்க வந்தவனுக்கு மாவு.

ராமப்பனின் மனைவி பூவம்மாள் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், மற்ற இடத்தில் தமிழ் என்று மூன்றையும் கலந்து பேசுகிற பெண். பேச்சியம்மாள் பேச்சுக் கொடுத்தாள்.

“ஒங்க வீட்டுக்காரருக்கு மருந்து நல்லா பிடிச்சிருக்கு போல.”

“என்னா பிடிச்சிருக்குதுக்கா, ஆளையே தின்னுது” என்று பூவம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உங்க ஊட்டுக்காரரைப் பாத்தா வயித்தெரிச்சலா கீதுக்கா, தப்பா நெனைக்காதீங்க. எப்புடி தெளிவா கீறாரு! எங்களுக்குத்தான் புதுசு குடுத்துட்டாங்கோ.”

பூவம்மாளுக்கும் ஒரு நியாயம் இருந்தது. போன வருஷம் பூச்சிமருந்துக் கம்பெனி ஆள் ஒருவன் அவர்கள் தோட்டத்துக்கு வந்து, புது மருந்து என்று தக்காளியில் பாதிக்கு அடித்துக் காட்டினான். மீதிப் பாதியை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சும்மா விட்டான். அடித்த பாதி இலை கருகிச் சுருண்டது. சும்மா விட்ட பாதி பச்சைப் பசேலென்று காய்த்தது. அன்றிலிருந்து சோதனை என்ற சொல்லே அவளுக்கு ஆகாது. “நாங்க மருந்தடிச்ச பாத்திக்கா. நீங்க சும்மா விட்ட பாத்தி. குடுத்து வெச்சவங்க” என்றாள்.

பேச்சியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தனக்குக் கிடைக்காததற்காகத் தான் புழுங்குகிறாள். அதே பொருள் கிடைத்துவிட்டதே என்று இவள் அழுகிறாள். இரண்டு பேருக்கும் ஆஸ்பத்திரி மேல் ஒரே அளவு சந்தேகம். திசைதான் வேறு.

இதற்குள் ஒரு நர்ஸ் வெளியே வந்து ராமப்பனைக் கன்னடத்தில் வாங்கு வாங்கென்று வாங்கினாள். ஊசிக்கு முந்தின நாளிலிருந்து போட வேண்டிய ஏதோ சின்ன மாத்திரையைப் பற்றிய பேச்சு என்று மட்டும் பேச்சியம்மாளுக்குப் புரிந்தது. ராமப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதில் அவள் கவனம் வைக்கவில்லை. அவள் மனசு வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அன்று திரும்பும்போது நான்கு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து ஓசூரில் இறங்கினார்கள். ஆண்கள் இருவரும் டீக்கடைக்குப் போனார்கள். பஸ் நிலையத்துச் சிமெண்ட் பெஞ்சில் பேச்சியம்மாள் மெல்ல விஷயத்தை அவிழ்த்தாள். உனக்கு வேண்டாதது எனக்கு வேண்டும். எனக்கு வேண்டாதது உனக்கு வேண்டும். யாருக்கு நஷ்டம்?

“கண்டுபுடிச்சிட்டா?”

“பாட்டில்ல நம்பர் இருக்கு. பாட்டிலை மாத்த வேண்டாம், உள்ள இருக்கதை மட்டும் மாத்துவோம். பாக்க ரெண்டும் ஒண்ணுன்னு அவனே சொல்லியாச்சுல்லா.”

பூவம்மாள் சற்று நேரம் டீக்கடைப் பக்கம் பார்த்தாள். ராமப்பன் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றார். அவள் முந்தானையை மடியில் விரித்தாள். இரண்டு பெண்களும் தலையைக் குனிந்துகொண்டு, அவரைக்காய் உரிக்கிறவர்கள் மாதிரி மாத்திரைகளை மடியில் கொட்டி, மாற்றி அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்தவள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

“சாமி மேல பாரத்தைப் போட்டாச்சுக்கா” என்றாள் பூவம்மாள்.

பேச்சியம்மாளுக்கு அப்படி யார் மேலும் பாரம் போடத் தோன்றவில்லை. சூப்பர்வைசர் மேசையில் டொக்கென்று டம்மியை வைத்துவிட்டு வந்த திருப்தி இருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை சுடலைமுத்து உள்ளங்கையை நீட்டினார். வைத்தாள். பார்க்காமல் விழுங்கினார்.

அடுத்த முறை ஊசிக்குப் போனபோது ராமப்பனின் முகம் தெளிந்திருந்தது. பூவம்மாள் ஓடிவந்து பேச்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ தெய்வம்க்கா” என்றாள். பேச்சியம்மாளுக்கும் குறையில்லை. சுடலைமுத்துவுக்கு மறுபடி இருமல் ஆரம்பித்திருந்தது, சோறு இறங்கவில்லை, படியேறினால் நிற்கிறார். மருந்து பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று அவள் உள்ளுக்குள் குதித்தாள். “இருமல் வந்தா வரட்டும், உள்ள இருக்க அழுக்கு வெளிய வருது” என்று அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். டாக்டர் சுஜாதா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, அடுத்த தடவை ஸ்கேன் எடுக்கலாம் என்றார். இப்போதுதான் நம் மேல் அக்கறை வந்திருக்கிறது என்று பேச்சியம்மாள் நினைத்துக்கொண்டாள். சந்தேகம் எல்லாவற்றையும் பார்க்கும். தன்னை மட்டும் பார்க்காது.

அடுத்த வாரத்தில் ஒருநாள், மதியச் சாப்பாட்டு நேரம். கம்பெனிக் கேண்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது பூவம்மாளின் போன் வந்தது. குரலே சரியில்லை.

“அக்கா, அவருக்கு மூச்சே ஆடலக்கா. நேத்துலேர்ந்து இங்கதான் கீறோம். ஆக்சிஜன் வெச்சிக்கீறாங்கோ. எதனாலன்னு தெரியலன்னு கம்ப்யூட்டர்ல தொறந்து பாத்தாங்கோ. எங்களுக்குக் குடுத்தது டம்மியாம்க்கா. மொதல்லேர்ந்தே வெத்து மாத்திரையாம்.”

பேச்சியம்மாளின் கை சோற்றில் அப்படியே நின்றது. ராமப்பனுக்குக் கொடுத்தது டம்மி. அப்படியானால் இப்போது தன் வீட்டுப் பாட்டிலில் இருப்பது டம்மி. பஸ் நிலையத்தில் மடியை விரித்து அவள் வாங்கி வந்தது டம்மி. கொடுத்துவிட்டு வந்தது? அதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. இருமலுக்கு முதுகைத் தடவிக் கொடுத்த கையைப் பார்த்தாள். சாம்பார் காய்ந்து ஒட்டியிருந்தது.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், சுடலைமுத்து தூங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் பாட்டிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். அத்திப்பள்ளி எல்லையில் லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. பஸ் நகர்வதற்குள் அவள் திட்டம் போட்டு முடித்துவிட்டாள். பூவம்மாளிடம் மீதி மாத்திரை இருக்கும். சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டு வந்துவிட வேண்டியது. அவருக்கு நாளையிலிருந்து நிஜ மருந்து. இருமல் அடங்கிவிடும். யாருக்கும் தெரியாது. ராமப்பனுக்கு என்ன வியாதியோ, டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர்களுக்குத்தானே படிப்பு.

பூவம்மாள் தீவிர சிகிச்சை வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். பேச்சியம்மாளைக் கண்டதும் கேட்காமலே பையிலிருந்து பாட்டிலை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

“உன்னுது உனக்கே வந்துட்டுதுக்கா. எடுத்துக்கோ. உன் ஊட்டுக்காரராவது நல்லா இருக்கட்டும்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “மாத்துனது மட்டும் யாருகிட்டயும் சொல்லிடாதக்கா. கோவத்துல வெளிய தள்ளிட்டா, இந்த நெலமைல அவரை நான் எங்க தூக்கிக்கினு போவேன்?”

கேட்க வந்தது கேட்காமலே கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொள்ளக் காரணமும் கூடவே கிடைத்தது. ஓரமாகப் போய் உள்ளே இருந்ததை மாற்றிப் போட்டுக்கொண்டாள். பூவம்மாளின் பாட்டிலை அவளிடமே கொடுத்துவிட்டுத் தன்னுடையதைக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். இப்படியே படியிறங்கிப் போயிருக்கலாம். ஆனால் ஹரீஷ்குமார் எதிரே வந்தான். முகம் வாடிப் போயிருந்தது. சும்மா போகாமல் பேச்சியம்மாள் கேட்டுவிட்டாள்.

“தம்பி, ராமப்பனுக்கு என்ன செய்யுது?”

“நுரையீரல் ரெண்டும் வீங்கியிருக்கும்மா. நம்ம சோதனை மாத்திரை சில பேருக்கு இப்படிச் செய்யும், முதல்ல அதைத்தான் சந்தேகப்பட்டோம். திறந்து பாத்தா அவருக்குப் போனது டம்மி. அப்ப அது இல்லன்னு ஆச்சு. கிருமின்னு நெனச்சு அதுக்கு மருந்து ஏத்துறாங்க. கேக்க மாட்டேங்குது.”

“மாத்திரையாலன்னா வேற வைத்தியமா?”

“ஆமா, வீக்கத்தை அடக்குற மருந்து நிறைய ஏத்தணும். ஆனா கிருமியா இருந்தா, அந்த மருந்தே ஆளை முடிச்சிடும். அதனால டாக்டர் தொட பயப்படறாங்க.”

அவன் போய்விட்டான். பேச்சியம்மாள் சுவரில் சாய்ந்தாள். கைப்பை தோளை இழுத்தது. உள்ளே கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன் மூச்சுக்குத் தவிக்கிறான். அவன் உடம்பில் இல்லை என்று டாக்டர்கள் அடித்துச் சொல்கிற மருந்து அவன் உடம்பில் இருக்கிறது. அல்லது இல்லை. இரண்டு பாட்டிலுமே டம்மியாக இருந்தால்? அப்படியும் இருக்கலாமே. அவள் அந்த ஒரு சந்தேகத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். இரண்டும் டம்மி என்றால் சொல்வதில் பிரயோஜனமில்லை. சொன்னால் புருஷனுக்கு மாத்திரை நின்றுபோகும், அவ்வளவுதான் மிச்சம். நிச்சயமாகத் தெரியாத ஒன்றை எதற்குச் சொல்ல வேண்டும்?

ஆனால் மேசையில் உட்கார்ந்த இத்தனை வருஷத்தில், நிச்சயமில்லாத பாகத்தை அவள் ஒருநாளும் நல்ல பெட்டியில் போட்டதில்லை. மனசு ஒப்பவில்லை என்றால் சிவப்புத் தட்டுதான். அது யாரும் சொல்லிக் கொடுத்த தர்மமில்லை, கை அப்படிப் பழகிவிட்டது. தரையில் உட்கார்ந்திருந்த பூவம்மாள் அவளைப் பார்த்து, கண்ணீரோடு, நீ போ என்று கையசைத்தாள். அந்தக் கையசைப்பைத் தாங்க முடியவில்லை. பேச்சியம்மாளுக்குத் தன் மேல் அருவருப்பாக வந்தது.

டாக்டர் சுஜாதாவின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள். பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தாள். டொக்கென்று சத்தம் கேட்டது.

“டாக்டரம்மா, ராமப்பன் சாப்பிட்டது இந்த மாத்திரை. எங்க வீட்டுக்காரருக்கு நீங்க குடுத்தது. நானும் அந்தப் பொண்ணும் மாத்திக்கிட்டோம். நான்தான் மாத்தச் சொன்னேன். அவளை ஒண்ணும் சொல்லாதீங்க.”

டாக்டர் ஒரு நொடி அவளை வெறித்துப் பார்த்தார். திட்டவில்லை. போனை எடுத்து யாரிடமோ ஆங்கிலத்தில் படபடவென்று பேசினார். ஹரீஷ்குமார் ஓடிவந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். சுடலைமுத்துவின் நம்பரைத் திறப்பதற்கு யார் யாரிடமோ அனுமதி கேட்டார்கள். பேச்சியம்மாள் நின்றுகொண்டே இருந்தாள். டம்மி என்று வரட்டும், டம்மி என்று வரட்டும் என்று முருகனைக் கூப்பிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் சந்தேகம் சரியாக இருக்க வேண்டுமே என்று கெஞ்சினாள்.

“நிஜம்” என்றான் ஹரீஷ்குமார்.

டாக்டர் எழுந்து வார்டுக்கு ஓடினார். நர்ஸ்கள் ஓடினார்கள். பேச்சியம்மாள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அந்தப் பொரிப்பு?” என்று கேட்டாள். “அவரு மூஞ்சில வெடிச்சிருந்ததே?”

“அது ஊசி மருந்தால வந்ததும்மா. வராம இருக்கத்தான் முந்தின நாள் சின்ன மாத்திரை குடுப்போம். சர்க்கரை ஏறும்னு யாரோ சொன்னாங்கன்னு அவர் அதைப் போடாம விட்டுட்டார். சிஸ்டர் திட்டினாங்க, போட்டார், போயிடுச்சு.”

பேச்சியம்மாளுக்கு அந்த நர்ஸின் கோபமும் ராமப்பன் குனிந்து நின்றதும் கண்முன் வந்தன. கண்ணெதிரேதான் நடந்தது. பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் டாக்டர் திரும்பி வந்தார். ராமப்பனுக்கு மருந்தை மாற்றி ஏற்றியிருக்கிறார்கள், மூச்சு லேசாகச் சீராகிறது, இன்னும் இரண்டு மூன்று நாள் போக வேண்டும் என்றார். நாற்காலியை இழுத்து அவள் எதிரே உட்கார்ந்தார்.

“நீங்க சொன்னதால அவருக்கு ஒரு வழி கிடைச்சிருக்கு. ஆனா உங்க கணவருக்கு இனிமே அந்த மாத்திரையைக் குடுக்க எனக்கு வழியில்லம்மா. கடையில கிடைக்கற மருந்தும் இல்ல அது. ஊசி தொடரும்.”

“அதைச் சாப்பிட்டப்ப அவரு நல்லா இருந்தாரே டாக்டரம்மா. இருமலே இல்லாம இருந்தாரே.”

“மாத்திரையாலதானா, ஊசியாலயா, இப்ப யாராலும் சொல்ல முடியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவு பாடும்.” டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்களுக்கே தெரியாதுன்னு அன்னைக்கு ஹரீஷ்குமார் சொன்னது பொய்யில்லம்மா.”

அதைப் பேச்சியம்மாள் இப்போது நம்பினாள். நம்புவதற்கு அவள் கொடுத்த விலை பெரிது.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து, பஸ் நிலையத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சுடலைமுத்துவிடம் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. அழுதாள். அடித்தால்கூடத் தேவலை என்று நினைத்தாள். அவர் கையோங்கத் தெரியாத மனுஷன். நடுவில் இருமல் வந்தபோது மட்டும் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

“அந்த மனுசன் பொழைச்சிக்கிட்டாரா?”

“மூச்சு சீராகுதாம்.”

“நல்லது” என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கஞ்சியில் பாதியைக் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

மறுநாள் காலை இட்லி சாப்பிட்டார். டி.வி.யில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமான நேரத்தில், வழக்கம் போல, உள்ளங்கையை நீட்டினார். பேச்சியம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். கோபமில்லை, வெறுப்பில்லை, பழைய கைதான் என்று ஒரு கணம் அவள் மனசு குளிர்ந்தது. மஞ்சள் சத்து மாத்திரை ஒன்றுதான் இனி. அதை எடுத்து வைத்தாள்.

சுடலைமுத்து கையை வாய்ப்பக்கம் கொண்டுபோனார். பாதியில் நிறுத்தினார். பிறகு டி.வி.யிலிருந்து கண்ணை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளங்கையைச் சாய்த்து, விரல் நுனியால் மாத்திரையைப் புரட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். அதற்கப்புறம்தான் விழுங்கினார்.